அடுத்தவர் கையில் நம் ஆவணம்

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் பரந்து கிடக்கிறது பெஹாலா. அதன் பழைய பகுதியான பாரிஷாவில் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் ஆட்சாலா மண்டபம் இருக்கிறது. 1698 நவம்பர் 10 அன்று சூதானுட்டி, கோவிந்தபூர், கலிகாதா என்ற மூன்று கிராமங்களின் உரிமை 1300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதற்கான பத்திரம் இந்த மண்டபத்தில்தான் கையெழுத்தானது என்பது அந்தக் குடும்பம் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அந்த மூன்று கிராமங்கள்தான் பிற்பாடு கல்கத்தாவாக வளர்ந்தன.

பத்திரத்தின் பாரசீக வாசகம் இன்று இருப்பது லண்டனில். பாரிஷாவில் குடும்பத்தினர் நடத்தும் அருங்காட்சியகத்தில் இருப்பது அதன் படி. ஊரின் பிறப்புச் சான்று என்று சொல்லத்தக்க ஓர் ஆவணத்தை ஊரார் பார்க்க வேண்டுமானால், வேறொருவர் பாதுகாப்பில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும். ஆனாலும் காகிதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதில் கைவைத்தால் தடயம் மிஞ்சும். சுரண்டிய இடம் மெலிந்துபோகும், புதிய மை வேறு நிறம் காட்டும், முத்திரை ஒட்டாது.

இன்று அதே பெஹாலாவில் ஒரு குடும்பம் தன் அடுக்குமாடி வீட்டின் பத்திரத்தை ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றி வைக்கிறது. மருத்துவமனை எக்ஸ்ரே படங்களை ஏற்றுகிறது. ஸ்டூடியோக்காரர் பத்து வருடக் கல்யாணப் படங்களை ஏற்றுகிறார். அவை மும்பையிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ யாருடைய கட்டடத்திலோ சுழலும் டிஸ்குகளில் போய் உட்காருகின்றன. அங்கே ஏதாவது ஒன்று மாறினால் சுரண்டல் இல்லை, மை வித்தியாசம் இல்லை. பூஜ்யம் ஒன்றாகும், ஒன்று பூஜ்யமாகும், அவ்வளவுதான். ஏற்றி வைத்தது ஏற்றியபடியே இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? வைத்திருப்பவரின் வாக்கை நம்புவதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. கணிதம் அந்த வழியைத் தந்திருக்கிறது. அதற்கு உதவிய சிந்தனைகளில் சில கல்கத்தாவிலேயே முளைத்தவை.

ஓசையில்லாத சேதம்

முதலில் இந்தக் கவலைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்போம். 2008-இல் அமெரிக்க, கனடிய ஆய்வாளர்கள் 15.3 லட்சம் டிஸ்குகளை 41 மாதங்கள் கவனித்த முடிவுகளை வெளியிட்டார்கள். டிஸ்க் எந்தப் பிழையும் சொல்லாமல் தவறான தரவைத் திருப்பிக் கொடுத்த நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல். அந்தக் கருவிகளில் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்ததால்தான் அவை பிடிபட்டன. இல்லாதிருந்தால் பழுதான தரவே நல்ல தரவாக வெளியே போயிருக்கும்.

அதே 2008-இல், ஜூலை 20 அன்று, அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் முடங்கியது. சர்வர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட சில செய்திகளில் ஒரே ஒரு பிட் புரண்டிருந்ததுதான் காரணம் என்று நிறுவனம் பின்னர் விளக்கியது. வாடிக்கையாளரின் கோப்புகளுக்குச் சரிபார்ப்பு இருந்தது. சர்வர்களின் உள் உரையாடலுக்கு அது இல்லை. காவல் இல்லாத அந்த ஓர் இடத்தில்தான் பிழை நுழைந்தது.

கருவியின் கோளாறு ஒரு பக்கம். மனிதர்களின் நோக்கம் இன்னொரு பக்கம். யாரும் திறந்தே பார்க்காத பழைய கோப்புகளைச் செலவு மிச்சம் என்று ஒரு நிறுவனம் அழித்துவிடலாம். தொலைந்ததை வெளியே சொன்னால் பெயர் கெடும் என்று மறைக்கலாம். உள்ளே வேலை செய்பவர் ஒருவர் ஓர் எண்ணை மட்டும் திருத்தலாம். தென்கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பரில் அரசுத் தரவு மையம் ஒன்று எரிந்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் சேமிப்புக்கு வெளியே மறுபிரதி இல்லை என்பது தீக்குப் பிறகே ஊருக்குத் தெரிந்தது. தீ கண்ணுக்குத் தெரியும். மற்றவை தெரியாது.

1300-ஐ 3100 ஆக்கினால்

ஒரு பத்திரத்தின் எண்களைக் காப்பாற்ற எளிய வழி, இலக்கங்களைக் கூட்டிக் குறித்து வைப்பது. 1300-இன் இலக்கங்களைக் கூட்டினால் 4. யாராவது 1300-ஐ 1400 ஆக்கினால் கூட்டல் 5 ஆகிவிடும், பிடித்துவிடலாம். ஆனால் 1300-ஐ 3100 ஆக்கினால்? அப்போதும் கூட்டல் 4. திருட்டு தப்பிவிடுகிறது.

சரி, இடத்துக்கும் மதிப்புக் கொடுப்போம். முதல் இலக்கத்தை ஒன்றால், இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை மூன்றால் என்று பெருக்கிக் கூட்டுவோம். 1300-க்கு 7 வருகிறது, 3100-க்கு 5. இடமாற்றம் பிடிபட்டது. ஆனால் முறை தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்தால் 5100 என்று எழுதுவார். அதற்கும் 7 வரும். தற்செயலான பிழையைப் பிடிக்க இப்படிப்பட்ட கணக்கு போதும். தெரிந்தே செய்யும் மோசடியைப் பிடிக்கப் போதாது.

இந்த இடத்தில்தான் ஹாஷ் வருகிறது. எவ்வளவு பெரிய கோப்பையும் உள்வாங்கி, அதிலிருந்து நிலையான அளவுள்ள ஒரு சிறிய எண்ணைத் தரும் கணக்குமுறை அது. இன்று பரவலாகப் பயன்படும் ஷா-256 முறை 256 பிட் நீளமுள்ள எண்ணைத் தருகிறது. ஒரு வரிக் குறிப்பும் 64 எழுத்துகளில் அடங்கும், ஒரு முழுத் திரைப்படமும் அதே 64 எழுத்துகளில் அடங்கும். 5 மெகாபைட் புகைப்படத்தில் 4 கோடி பிட்கள். அதில் ஒன்றே ஒன்று புரண்டாலும் விடை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இந்த முறையில் வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். 1300-க்கு 5100 கண்டுபிடித்ததுபோல, அதே ஹாஷ் தரும் இன்னொரு கோப்பை ஷா-256-க்கு இதுவரை எவரும் கண்டுபிடித்துக் காட்டியதில்லை.

எல்லா ஹாஷ் முறைகளுக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 1990-களில் எங்கும் புழங்கிய எம்டி5-க்கு, ஒரே விடை தரும் இரு வேறு கோப்புகளைச் சீன ஆய்வாளர் வாங் ஷியாயுன் குழு 2004-இல் காட்டியது. ஷா-1 முறைக்கு ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து 2017-இல் அதையே செய்தன. ஆகவே எந்த முறையில் ஹாஷ் எடுத்தோம் என்பதும் முக்கியம்.

பெரிய ஒன்றுக்குப் பதிலாக அதன் சிறிய, தனித்த அடையாளத்தை வைத்துக்கொள்வது என்ற எண்ணம் வங்காளத்துக்குப் புதிதல்ல. 1858-இல் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்கான பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். பின்னால் மறுத்துப் பேசக்கூடாது என்பதற்காக. 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைப் பணியகம் அமைந்தது. அங்கே அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள் ரேகைகளை 1,024 வகைகளாகப் பிரித்துத் தேடும் முறையை வகுத்தார்கள். உலகம் அதை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அழைத்தது. ஹாஷ் கணிதம் அங்கிருந்து பிறக்கவில்லை. ஆனால் ஒரு ஆளை முழுதாக எடுத்து வைக்காமல், அவருடைய சிறு தடத்தை வைத்தே அவர்தானா என்று சொல்ல முடியும் என்ற துணிவு அங்கே செயலாகியிருக்கிறது.

லட்சம் கோப்புக்கு ஒரு வரி

ஒரு கோப்புக்கு ஒரு ஹாஷ் சரி. பத்து லட்சம் கோப்புகள் இருந்தால் பத்து லட்சம் ஹாஷ்களை எங்கே வைப்பது? 1979-இல் அமெரிக்கரான ரால்ஃப் மெர்கல் இதற்கு ஒரு வழி சொன்னார். இரண்டிரண்டு ஹாஷ்களைச் சேர்த்து ஒரு ஹாஷ் எடு. அப்படி வந்தவற்றை மறுபடி இரண்டிரண்டாகச் சேர். பாதி பாதியாகக் குறைந்து கடைசியில் உச்சியில் ஒன்றே ஒன்று மிஞ்சும். அடியில் எந்தக் கோப்பு மாறினாலும் அந்த மாற்றம் படிப்படியாக ஏறி உச்சியையும் மாற்றிவிடும். 10,48,576 துண்டுகள் இருந்தாலும் இருபதே படிகள்தான். ஏதாவது ஒரு துண்டு அசலா என்று நிரூபிக்க, அந்தத் துண்டோடு இருபது ஹாஷ்களைக் காட்டினால் போதும். மொத்தம் 640 பைட்.

உரிமையாளர் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது உச்சி ஹாஷ் மட்டும். அதை ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒரு வரியில் எழுதிவிடலாம். பத்திரிகையிலும் அச்சிடலாம். ஷூரிட்டி என்ற நிறுவனம் 1995 முதல் தன் வாடிக்கையாளர்களின் ஆவணங்களுக்கான உச்சி ஹாஷை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வரி விளம்பரத்தில் வெளியிட்டது. இத்தனை நூலகங்களிலும் வீடுகளிலும் கிடக்கும் அச்சுப் பிரதிகளை யார் போய்த் திருத்த முடியும்?

460 துண்டுகளின் வலிமை

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. தரவு முழுவதையும் இறக்கி ஹாஷ் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் டெராபைட் கணக்கில் உள்ளதை மாதாமாதம் இறக்க யாரால் முடியும்? “நீயே ஹாஷ் எடுத்துச் சொல்” என்று கிளவுட் நிறுவனத்தைக் கேட்கலாமா? கேட்டால், முதல் நாளே ஹாஷை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு தரவைத் தூக்கி எறிந்த நிறுவனமும் சரியான விடையைச் சொல்லிவிடும். கேள்வி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். தரவு கையில் இருந்தால் ஒழிய விடை சொல்ல முடியாத கேள்வியாக இருக்க வேண்டும்.

2007-இல் ஜியூசெப்பே அடெனீசேயும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதற்கு விடை கண்டார்கள். தரவை ஏற்றும் முன் அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளர் தன் ரகசியச் சாவியால் ஒரு முத்திரை போடுகிறார். முத்திரைகளும் தரவோடு கிளவுடுக்கே போகின்றன. பிறகு எப்போது வேண்டுமானாலும், “இன்ன இன்ன எண்ணுள்ள துண்டுகளைச் சேர்த்து விடை சொல்” என்று குலுக்கல் முறையில் கேட்கிறார். கேட்ட துண்டுகளையும் முத்திரைகளையும் இயற்கணிதத்தால் ஒன்றாகப் பிசைந்து ஒரு சிறிய விடையை நிறுவனம் அனுப்புகிறது. எத்தனை துண்டுகளைக் கேட்டாலும் விடையின் அளவு கூடாது. சாவி இல்லாதவர் முத்திரையைப் போலியாகச் செய்ய முடியாது.

எத்தனை துண்டுகளைக் கேட்பது? 10,000 துண்டுகளில் 100 கெட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எடுக்கும் ஒவ்வொரு துண்டும் நல்லதாக இருக்க 99 விழுக்காடு வாய்ப்பு. 460 துண்டுகளை எடுத்து அத்தனையும் நல்லதாகவே அமைய ஒரு விழுக்காடுகூட வாய்ப்பில்லை. அதாவது 460 கேள்வியில் பழுது அநேகமாக நிச்சயம் அகப்பட்டுவிடும். இதைவிட வியப்பு, துண்டுகள் 10,000 அல்ல, ஒரு கோடி என்றாலும், அதே விகிதத்தில் கெட்டிருந்தால் அதே 460 போதும். தரவு பெருத்தாலும் சோதனை பெருப்பதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு வழக்கு. பானை முழுதும் ஒரே கொதியில் வெந்திருப்பதால் அது செல்லும். தரவு அப்படி அல்ல. எந்த மூலை கெட்டது என்று தெரியாது, எந்த மூலையைப் பார்ப்போம் என்று தெரிந்தால் அதை மட்டும் நன்றாக வைத்திருப்பவரும் உண்டு. அதனால்தான் குலுக்கல்.

குலுக்கல் மாதிரியைப் பேரளவில் நாட்டு வேலைக்குப் பயன்படுத்திக் காட்டியவர் பி.சி. மகலனோபிஸ். 1931-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவர் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1937 முதல் வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி வயல்களை வைத்து மதிப்பிட்டது. எல்லா வயலையும் அளக்காமலே மாகாணத்தின் கணக்கைச் சொல்ல முடியும் என்று அந்த வேலை மெய்ப்பித்தது. அதோடு, களப்பணியாளரின் கணக்கையே சோதிக்க அவர் ஓர் ஏற்பாடு செய்தார். ஒரே பகுதியில் இரண்டு குழுக்கள், தனித்தனி மாதிரிகள், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு. அளந்தவரின் சொல்லை ஏற்பதற்கு முன் சோதி என்ற கோட்பாட்டை அவர் நெறியாகவே வகுத்துவிட்டார்.

ஒரே ஒரு துண்டு தொலைந்தால்?

மாதிரிச் சோதனைக்கு ஒரு பலவீனம் உண்டு. 10,000 துண்டுகளில் ஒன்றே ஒன்றுதான் கெட்டது என்றால், 460 கேள்விகள் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டுப் பத்திரத்தில் விலை எழுதிய அந்த ஒரு பக்கம்தான் அந்தத் துண்டு என்றால் மற்ற 9,999-ஆல் என்ன பயன்?

இங்கே வேறொரு கல்கத்தாக்காரர் கைகொடுக்கிறார். மகலனோபிஸ் அழைத்து இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்த ஆர்.சி. போஸ், 1949-இல் அமெரிக்கா போனார். அங்கே, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த டி.கே. ராய் சௌத்ரியோடு சேர்ந்து 1960-இல் பிழைதிருத்தும் குறியீடுகளின் ஒரு குடும்பத்தையே வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சில் ஆக்கெங்கெம் என்பவரும் தனியாக அதைக் கண்டிருந்ததால், மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அவை பிசிஎச் குறியீடுகள் எனப்படுகின்றன. டீக்கடையில் பணம் செலுத்த ஸ்கேன் செய்கிறோமே, அந்தக் க்யூஆர் சதுரத்தின் ஒரு பகுதியைக் காப்பது பிசிஎச். மற்றப் பகுதியைக் காக்கும் ரீட்-சாலமன் குறியீடும் கணித உறவில் அதே குடும்பம்தான். சிறிது கிழிந்த சதுரமும் வேலை செய்வது அதனால்தான்.

கருத்தின் வித்து எளிது. 16, 98, 13 என்ற மூன்று எண்களோடு அவற்றின் கூட்டலான 127-ஐயும் நான்காவதாக எழுதி வை. 98 தொலைந்தால், 127-இலிருந்து 16-ஐயும் 13-ஐயும் கழித்தால் 98 திரும்பிவிடும். ஒரு கூடுதல் எண், ஓர் இழப்பை ஈடுகட்டுகிறது. பிழைதிருத்தும் குறியீடுகள் இதையே பல மடங்கு நுட்பமாகச் செய்து, பல இழப்புகளை ஒரே நேரத்தில் சரிசெய்கின்றன.

அதே 2007-இல் ஆரி ஜூவல்ஸும் பர்ட் காலிஸ்கியும் மாதிரிச் சோதனையையும் பிழைதிருத்தத்தையும் இணைத்தார்கள். தரவை முதலில் பிழைதிருத்தும் குறியீட்டில் எழுதி, பிறகு கிளவுடில் ஏற்றி, மாதிரிச் சோதனை செய்வது. ஒன்றிரண்டு துண்டுகள் கெட்டால் சோதனை கவனிக்காமல் போகலாம், ஆனால் குறியீடு அவற்றை மீட்டுவிடும். குறியீட்டால் மீட்க முடியாத அளவுக்குக் கெட வேண்டுமானால் ஏராளமான துண்டுகள் கெட்டாக வேண்டும். அவ்வளவு கெட்டால் மாதிரிச் சோதனை விடாது. ஒன்றின் கண்ணுக்குத் தப்பியது மற்றதின் கையில் அகப்படுகிறது. தரவு இருக்கிறது என்பதோடு, முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் இதனால் சான்று கிடைக்கிறது.

நீதிமன்றத்தின் வாசலில்

இது ஆய்வாளர்களின் விளையாட்டல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்க அதன் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஆவணத்தின் ஹாஷ் எண்ணையும், எந்த முறையில் எடுத்தது என்பதையும் குறிக்க வேண்டும். ஷா-1, ஷா-256, எம்டி5, பிற என்று தேர்வுகள் அச்சாகியிருக்கின்றன. முறிந்துபோன இரண்டு முறைகளும் அதில் இருப்பதால், வழக்குக்குப் போகிறவர்கள் ஷா-256-ஐயே தேர்வது நல்லது.

ஹாஷ் சொல்லாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவணம் மாறவில்லை என்றுதான் அது சொல்லும், ஆவணம் உண்மை என்று சொல்லாது. பொய்ப் பத்திரத்தை ஏற்றினால் அது மாறாத பொய்ப் பத்திரமாகவே இருக்கும். ஆவணத்தின் பொருளையும் அது சொல்லாது. 1698-இன் ஒப்பந்தம் விற்பனையா குத்தகையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கொல்கத்தாவின் நிறுவனர் அல்ல என்று 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, வரலாற்று அறிஞர் குழுவின் ஆய்வுக்குப் பிறகுதான். அந்த வேலை என்றும் மனிதர்களுடையது. இன்னொன்று, ஹாஷ் மாறினாலே மோசடி என்றும் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிப் போவதால் அதன் ஹாஷ் மாறிவிடும். அசலைக் கோப்பாகவே வைத்திருப்பது அதனால்தான் அவசியம்.

நம்மால் இன்றைக்கே ஆகக்கூடியது இது. முக்கியமான கோப்புகளை ஏற்றும் முன் ஷா-256 எடுங்கள். கணினிகளில் அதற்கான வசதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்களைத் தரவு இருக்கும் அதே கிளவுடில் வைக்காதீர்கள், காகிதத்தில் அச்சிட்டுப் பீரோவில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை, குலுக்கல் போலச் சில கோப்புகளை இறக்கி ஒப்பிடுங்கள். வேறோர் இடத்தில் ஒரு மறுபிரதியும் இருக்கட்டும், ஏனென்றால் பழுதைக் கண்டுபிடித்த பிறகு மீட்க ஏதாவது வேண்டும்.

தனிமனிதரால் ஆகாததை நிறுவனங்களிடம் கேட்க வேண்டும். நிலப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றும் மாநிலங்களும், ஓலைச்சுவடிகளையும் பழைய இதழ்களையும் படமெடுத்து வைக்கும் தமிழ் மின்நூலகங்களும் ஆண்டுக்கொரு முறை தம் தொகுப்பின் உச்சி ஹாஷை நாளிதழில் வெளியிடுவது வழக்கமாக வேண்டும். ஒரு வரி விளம்பரத்தின் செலவுதான். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை ஊரே பார்த்தது, அந்த இழப்பு இன்றும் பேசப்படுகிறது. டிஸ்கில் மெல்லத் தேயும் ஒரு சுவடியின் இழப்புக்குப் புகை வராது. சோதித்துப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால் மட்டுமே அது தெரியவரும். அந்த ஒருவராக நாம் இருக்க, நம் கையில் 64 எழுத்துகள் இருந்தால் போதும்.